60 டெசிபெல் கோடு: தொழிலாளியின் காதுச் சோதனை எதைக் கேட்கிறது?

இரைச்சலான வேலையிடத்தில் இருபது, முப்பது வருஷம் உழைத்த ஒருவருக்குக் காது எவ்வளவு கெட்டிருக்கிறது? அவரையே கேட்டால் சொல்வார். "மருமக பேசுறது பாதி புரியல சார். டிவிய அலற விடுறேன்னு வீட்ல திட்டுறாங்க. பஸ்ல கண்டக்டர் என்ன கேக்கிறார்னு தெரியாம முழிக்கிறேன்." ஆனால் இதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஆடியோகிராம் என்ற ஒற்றைத் தாள் சொன்னால்தான் அது நோய், இல்லாவிட்டால் புலம்பல். இழப்பீடு, மாற்றுத்திறனாளி அட்டை, வேலை மாற்றம் எல்லாமே அந்தத் தாளை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தத் தாளைப் பற்றியும், அதை வைத்து நாம் போடும் கணக்குகளைப் பற்றியும் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்தவரைக்கும் என் முடிவு இதுதான்: தாள் பொய் சொல்வதில்லை. ஆனால் அதன்மேல் நம் சட்டம் போட்டு வைத்திருக்கும் கோடு, இரைச்சலால் வரும் காது மந்தம் கிட்டத்தட்ட போய்ச் சேரவே முடியாத இடத்தில் இருக்கிறது. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், சோதனை என்றால் என்ன

சத்தம் புகாத ஒரு சிறு அறை. காதில் ஹெட்போன். கையில் ஒரு பட்டன். 'பீப்' என்று ஒரு சுத்தமான ஒலி வரும். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கேட்டுவிட்டால் ஒலியை 10 டெசிபெல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபெல் கூட்டுவார்கள். இப்படி இறங்கி ஏறி, உங்களுக்குக் கேட்கும் மிக மெல்லிய அளவைப் பிடிப்பார்கள். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு சுருதியிலும், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இதைச் செய்து புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் ஆடியோகிராம் ரெடி.

இதில் 0 டெசிபெல் என்பது நிசப்தம் கிடையாது. நோய்நொடி இல்லாத இளைஞர்களின் காதுக்குச் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய அளவு அது. இன்னொன்றும் முக்கியம். டெசிபெல் கூட்டல் கணக்கில் போகாது, பெருக்கலில் போகும். 10 கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு, 60 கூடினால் 10 லட்சம் மடங்கு. "வெறும் இருபது முப்பது டெசிபெல்தானே" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் எங்கே அடிக்கிறது

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். செத்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பல வருஷம் கேட்ட இரைச்சல் இவற்றைத்தான் கொல்கிறது. அதிலும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொல்வதில்லை. மனிதனின் காதுக் குழாய் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. சேதம் அதற்குச் சற்று மேலே, 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் முதலில் விழுகிறது. ஆடியோகிராமில் 4000 பக்கம் ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு பள்ளம் தெரியும். 8000-இல் கோடு கொஞ்சம் மேலே ஏறிவிடும். காது மருத்துவர்களுக்கு இந்தப் பள்ளம் கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. வருஷங்கள் போகப் போகப் பள்ளம் அகலமாகி 2000-க்கும் இறங்கும். 500, 1000 ஆகிய கீழ்ச்சுருதிகள் கடைசிவரை ஓரளவு தப்பித்து நிற்கும்.

பேச்சில் இதற்கு என்ன அர்த்தம்? உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமான ஒலிகள் மேலே இருக்கின்றன. கீழே சரியாகவும் மேலே பள்ளமாகவும் உள்ள காதுக்கு, பேச்சின் சத்தம் வரும், எழுத்து வராது. 'காசு' என்றால் 'காது' என்று விழும். 'பசி'யும் 'பதி'யும் ஒன்றாகிவிடும். தறி ஓட்டியவர்கள் சொல்லும் "கேக்குது, ஆனா புரியல" என்ற வாக்கியம் இருக்கிறதே, அது துல்லியமான மருத்துவ விவரிப்பு. வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரிவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், சொன்னால் மட்டும் தப்பாகப் புரிந்துகொள்கிறார். "வேணும்னே பண்றாரு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரே காது, நான்கு கணக்கு

இப்போது ஒரு மாதிரி ஆடியோகிராமை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனி மனிதருடையதும் அல்ல. பல வருஷம் தறியிலோ பாய்லர் பட்டறையிலோ இருந்தவருக்கு வரக்கூடிய வடிவத்தில் நான் எழுதிக்கொண்ட எண்கள். இரண்டு காதுக்கும் இதே அளவு என்று வைத்துக்கொள்வோம்.

500 ஹெர்ட்ஸில் 15 டெசிபெல்
1000-இல் 20
2000-இல் 35
3000-இல் 55
4000-இல் 65
6000-இல் 60
8000-இல் 45

இந்தக் காதுக்கு எவ்வளவு இழப்பு? பதில், எந்த ஊரில் எந்த வருஷம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் கணக்கு: அமெரிக்கக் கண், காது மருத்துவர் சங்கம் 1959-இல் சொன்ன முறை. 500, 1000, 2000 ஆகிய மூன்றின் சராசரியை மட்டும் எடுக்க வேண்டும். இன்றைய அளவுகோலில் 25 டெசிபெல்லைத் தாண்டினால்தான் இழப்பு. நம்மாளுக்கு 15, 20, 35 கூட்டி மூன்றால் வகுத்தால் 23.3. ஆகவே இழப்பு பூஜ்ஜியம். பள்ளம் இருக்கும் இடத்தை மூடி வைத்துவிட்டு, பள்ளமே இல்லை என்று சொல்வது போல.

இரண்டாம் கணக்கு: அதே நாட்டில் 1979-இல் திருத்திய முறை. 3000 ஹெர்ட்ஸையும் சேர்த்தார்கள். சராசரி 31.25. 25-ஐத் தாண்டிய ஒவ்வொரு டெசிபெல்லுக்கும் 1.5 சதவீதம் என்று கணக்கிட்டால் 9.4 சதவீத இழப்பு. ஒரே ஒரு சுருதியைச் சேர்த்ததற்கே பூஜ்ஜியம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. காது அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாம் கணக்கு: பிரிட்டனின் தொழில்சார் செவிட்டுத்தன உதவித்தொகை. 1000, 2000, 3000 மூன்றின் சராசரி இரண்டு காதிலும் குறைந்தது 50 டெசிபெல் இருக்க வேண்டும். அதோடு, பட்டியலில் உள்ள வேலைகளில் குறைந்தது 10 வருஷம் இருந்திருக்க வேண்டும். வேலையை விட்டு 5 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம்மாளின் சராசரி 36.7. ஒன்றும் கிடையாது.

நான்காம் கணக்கு: அமெரிக்க ஓஷா விதி. இது இழப்பீட்டுக்கானது இல்லை, எச்சரிக்கைக்கானது. 2000, 3000, 4000 மூன்றின் சராசரி, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த சோதனையைவிட எந்த ஒரு காதிலாவது 10 டெசிபெல் கூடினாலே மணி அடிக்க வேண்டும். 21 நாளுக்குள் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நம்மாள் சேர்ந்தபோது எல்லாச் சுருதியிலும் 10 டெசிபெல் இருந்ததாக வைத்தால், இப்போதைய சராசரி 51.7, மாற்றம் 41.7. மணி நான்கு முறை அடித்திருக்க வேண்டும்.

இழப்பே இல்லாத அதே காதுதான், எச்சரிக்கை எல்லையை நான்கு மடங்கு தாண்டிய காதாகவும் இருக்கிறது. அளக்கும் கருவி ஒன்றுதான். வேறுபடுவதெல்லாம் எந்த எண்களைக் கூட்டுகிறோம், கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான். அதை ஆடியோமீட்டர் முடிவு செய்வதில்லை, யார் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்ற பேச்சும் கூடவே இருந்த அறைகளில் மனிதர்கள் முடிவு செய்தது. 1948-இல் ஸ்லாவின்ஸ்கி என்ற தொழிலாளியின் வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூலி குறையாவிட்டாலும் பகுதிச் செவிட்டுத்தனத்துக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகுதான் அங்கே "எவ்வளவு போனால் இழப்பு" என்ற சூத்திரத்துக்கான தேவை சூடுபிடித்தது. இந்த வரிசையை மறக்கக் கூடாது.

நம் ஊர்க் கோடு

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இருந்தால் காது மந்தமானவர். 60-க்குக் கீழே சட்டத்தின் கண்ணில் நீங்கள் நன்றாகக் கேட்பவர்.

ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 முதல் 65 டெசிபெல். ஆக, எதிரில் உட்கார்ந்து பேசுபவரின் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ முழுக்க மறைந்து போகும் இடத்தில்தான் நம் சட்டத்தில் "மந்தம்" ஆரம்பிக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளை மனதில் வைத்துப் போட்ட கோடு என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். தறிக்காரருக்கும் அதே கோடுதான் என்னும்போது சிக்கல் வருகிறது.

அமெரிக்கத் தொழில்சார் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. இரைச்சலால் மட்டுமே வரும் இழப்பு, பொதுவாக மேல்சுருதிகளில் 75 டெசிபெல்லையும் கீழ்ச்சுருதிகளில் 40 டெசிபெல்லையும் தாண்டாது என்கிறது அது. வழக்கமாக இது, "அதற்கு மேல் போயிருந்தால் வேறு காரணம் தேடுங்கள்" என்று மருத்துவருக்குச் சொல்லப் பயன்படும் வரி. இதை நம் 60 டெசிபெல் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மிக மோசமான இரைச்சல் காது ஒன்றைக் கற்பனை செய்வோம். 500-இல் 40, 1000-இல் 40, 2000-இல் 60, 4000-இல் உச்சவரம்பான 75. நான்கையும் கூட்டி வகுத்தால் 53.75. முதல் மூன்றை மட்டும் எடுத்தால் 46.7. எப்படிப் போட்டாலும் 60 வரவில்லை.

அதாவது இரைச்சல் ஒரு மனிதனின் காதை அதனால் முடிந்தவரைக்கும் தின்று முடித்த பிறகும், அவர் "காது மந்தமானவர்" என்ற சட்ட வாசலுக்கு வெளியில்தான் நிற்பார். உள்ளே போக வேண்டுமென்றால் முதுமையோ, சீழ்க்காதோ, வேறு ஏதாவது நோயோ கூடச் சேர்ந்து கைகொடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து வந்தாலோ, "இது இரைச்சலால் வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க" என்ற கேள்வி இழப்பீட்டு மேசையில் காத்திருக்கும். இந்தப் பக்கம் போனால் போதாது, அந்தப் பக்கம் போனால் அதிகம்.

விதியில் விட்டுப்போன சுருதிகள்

'இழப்பீடு, அட்டை எல்லாம் கடைசிக் கட்டம். அதற்கு முன்னாலேயே பிடிக்கத்தானே வருஷாந்திரச் சோதனை?' என்று கேட்கலாம். சரியான கேள்வி.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள அறிவிக்கத்தக்க நோய். கண்டால் நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பழைய சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020 தொகுப்பிலும் இது தொடர்கிறது. மாநிலங்களுக்காக மத்திய அரசு எழுதிய மாதிரித் தொழிற்சாலை விதிகளில், இரைச்சல் வேலைக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரம்பு. அதைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு, சேர்ந்த 14 நாளுக்குள் முதல் சோதனை, பிறகு 12 மாதத்துக்கு ஒரு முறை. எந்தெந்தச் சுருதியில் சோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது: 125, 250, 500, 1000, 2000, 4000, 8000.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். 3000 இல்லை, 6000 இல்லை. இரைச்சல் முதலில் அடிக்கும் மூன்று இடங்களில் இரண்டைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். இரைச்சலுக்கு அவ்வளவாகச் சம்பந்தமில்லாத 125-உம் 250-உம் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவமனையில் எல்லா வகைக் காது நோய்க்கும் எடுக்கும் பொதுவான சோதனையின் வரிசை இது. ஆலைக்கென்று யோசித்த வரிசை மாதிரி தெரியவில்லை. 4000-இல் 15, 6000-இல் 40, 8000-இல் 20 என்று ஒரு இளம் தொழிலாளிக்குப் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தால், இந்த விதிப்படி எடுத்த சோதனை "நார்மல்" என்றுதான் வரும். பிடித்து நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே கட்டத்தில் சோதனை கண்ணை மூடிக்கொள்கிறது. 3000-ஐயும் 6000-ஐயும் சேர்க்கப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. ஆடியோமீட்டரில் அந்தச் சுருதிகள் ஏற்கெனவே இருக்கும். கூடுதலாக ஆவது ஒரு ஆளுக்குச் சில நிமிஷம்.

அந்த 14 நாள் விஷயத்தையும் பாருங்கள். முதல் சோதனைதான் அடித்தளம். பிற்பாடு எடுக்கும் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்க இரைச்சலில் நின்று வந்த காது தற்காலிகமாக மங்கிப்போயிருக்கும். தூங்கி எழுந்தால் தெளியும். இதனால்தான் ஓஷா, முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரம் வேலையிட இரைச்சல் கூடாது என்கிறது. நம் ஊரில் புது ஆளை முதல் நாளே தறியில் நிறுத்தி, பத்தாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆலை வாசலுக்கு வந்த வண்டியில் சோதித்தால் என்ன ஆகும்? மங்கிய காதே அவரது "ஆரம்பக் காது" என்று பதிவாகும். அதற்குப் பிறகு உண்மையிலேயே 15 டெசிபெல் போனாலும் தாளில் 5தான் போயிருக்கும். தப்பான முதல் சோதனை எப்போதும் ஒரே கட்சிக்குத்தான் லாபம்.

இவ்வளவும் சட்டம் எட்டும் இடங்களுக்கு மட்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் பழைய சட்டப்படி அது தொழிற்சாலை. 2020 தொகுப்பில் அந்த எண் 20. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு நாலு தறி, எட்டுத் தறி ஓடும் கூடங்கள். வீட்டை ஒட்டிய சாய்ப்பில் ஓடும் தறிகளும் உண்டு. ஷட்டில் தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதோரம் போய்க் கத்த வேண்டும். அங்கே வேலை செய்யும் நிறைய பேருக்கு நல்ல சோதனை, கெட்ட சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை. சோதனையே கிடையாது. காதில் கொஞ்சம் வேஸ்ட் பஞ்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

சோதனை கேட்காத கேள்வி

1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். அப்போது ஆடியோமீட்டர் கிடையாது. தன் கடிகாரத்தின் 'டிக் டிக்' எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று அளந்தார். 100 பேரில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, இரும்பு வார்ப்பவர்களையும் தபால்காரர்களையும் சோதித்தார். இதெல்லாம் பாடப்புத்தகங்களில் வரும் கதை. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. பொதுக்கூட்டத்தில் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று அவர்களிடமே அவர் கேட்டார். பெரும்பாலோர் சிரமம் என்றோ, கேட்பதே இல்லை என்றோதான் சொன்னார்கள்.

அதே ஸ்காட்லாந்தில், வங்காளத்துச் சணலை நெய்து வளர்ந்த டண்டீ நகரத்தில், 1960-களில் சணல் நெசவுப் பெண்களை ஆராய்ந்தார்கள். 100 டெசிபெல் அளவு இரைச்சலில் பல பத்தாண்டுகள் நின்றவர்கள். 4000 ஹெர்ட்ஸ் முதல் 10, 15 வருஷத்திலேயே விழுந்துவிடுகிறது, பேச்சுக்குத் தேவையான 2000 அதற்குப் பிந்தி விழுகிறது என்பது ஆடியோகிராம்களில் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக அவர்களின் வாழ்க்கையையும் கேட்டார்கள். தொலைபேசி, பொதுக்கூட்டம், அறிமுகமில்லாதவரோடு பேச்சு என்று எல்லா இடத்திலும், நெசவுக்குப் போகாத அதே வயதுப் பெண்களைவிட இவர்கள் மிகவும் தடுமாறினார்கள். பலர் தங்களை அறியாமலே உதட்டைப் படிக்கப் பழகியிருந்தார்கள்.

அமைதியான அறையில் ஒற்றை 'பீப்' கேட்கிறதா என்பது ஒரு கேள்வி. கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், மின்விசிறி ஓடும் அறையில் எதிராளி சொன்னது புரிகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளை 100 டெசிபெல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். கேட்கும் அளவு சில நாட்களில் பழையபடி திரும்பிவிட்டது. ஆடியோகிராம் மாதிரி ஒன்று எடுத்திருந்தால் "நார்மல்". ஆனால் மேல்சுருதிப் பகுதியில் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் சுமார் பாதி நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. அதனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் 'பீப்' சோதனை நார்மல் என்றால் காது நார்மல் என்று அடித்துச் சொல்லும் துணிச்சல் இனி யாருக்கும் இருக்கக் கூடாது.

மறைத்தாலும் குற்றம், சொன்னாலும் சந்தேகம்

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. வருஷாந்திரச் சோதனை சமயத்தில் தொழிலாளி தன் மந்தத்தை மறைக்கத்தான் பார்ப்பார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ, சம்பளம் குறைந்த பிரிவுக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம். "தொந்தரவு ஒண்ணும் இல்ல சார்" என்பார், முடிந்தால் சோதனைக்கே போகாமல் நழுவுவார். அதே ஆள் ஓய்வு பெற்று இழப்பீடு கேட்டு வந்தால், "மிகைப்படுத்துறார், நடிக்கிறார்" என்ற சந்தேகம். நடிப்பைப் பிடிக்க ஸ்டெங்கர் சோதனை இருக்கிறது, பட்டன் அழுத்தத் தேவையில்லாத பெரா டெஸ்ட் இருக்கிறது. தேவையானவைதான். ஆனால் மிகைப்படுத்தலைப் பிடிக்க இத்தனை வழி கண்டுபிடித்த நாம், பயந்து மறைப்பதைத் தடுக்க என்ன கண்டுபிடித்தோம்?

இழப்பீட்டுச் சட்டத்தின் மொழியும் இதற்கு உதவவில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டம் இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழில்நோயாக ஏற்றது. முழுச் செவிடு என்றால் சம்பாதிக்கும் திறன் 100 சதவீதம் போனதாக அட்டவணையே சொல்லிவிடுகிறது. பாதி போனால்? எவ்வளவு சம்பாதிக்கும் திறன் போனது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். தறி ஓட்டக் காது எதற்கு? கண்ணும் கையும் போதும். சொல்லப்போனால் காது மந்தமானவர் மற்றவர்களுக்குச் சமமாக இருக்கும் ஒரே இடம் அந்தத் தறிக்கூடம்தான். அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. ஆகவே "சம்பாதிக்கும் திறனில் இழப்பு இல்லை" என்று எழுதுவது சுலபம். அவர் இழந்தது பேரப்பிள்ளையின் மழலை, டீக்கடை அரட்டை, இரவு கட்டிலில் படுத்தபின் கிடைக்க வேண்டிய அமைதி. காதுக்குள் 'கீய்ங்' என்ற சத்தம் நிற்காதவருக்கு அந்த அமைதியும் இல்லை. இதற்கெல்லாம் கூலி அட்டவணையில் பத்தி கிடையாது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும்

'பீப்' சோதனைக்கு ஆதரவாக வலுவான வாதங்கள் உண்டு. மலிவு, விரைவு. படிப்போ மொழியோ தேவையில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியைத் திருப்பூரில் வைத்துச் சோதிக்கலாம். திரும்பத் திரும்ப எடுத்தால் 5 டெசிபெல் வித்தியாசத்துக்குள் அதே விடை வரும். இரைச்சலுக்கு நடுவே வார்த்தை புரிகிறதா என்ற சோதனையை ஒவ்வொரு மொழிக்கும் தனியாக உருவாக்க வேண்டும், வட்டார வழக்கு குறுக்கே வரும். எல்லாம் சரி. ஆனால் அதற்கும் வழி பிறந்திருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லி, கேட்டதை அழுத்தச் சொல்லும் சோதனையை நெதர்லாந்தில் தொலைபேசி வழியாகவே நடத்தினார்கள். தென்னாப்பிரிக்காவில் அது செல்போனுக்கு வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை தெரியாதவர் யார்? 'பீப்' சோதனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்கிறேன்.

வயதைக் கழிக்க வேண்டாமா என்பது இரண்டாவது வாதம். 60 வயதில் எல்லோருக்கும்தான் காது மங்குகிறது. ஓஷா வயதுக் கழிவை அனுமதிக்கிறது. அதே நாட்டின் ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-இல், தனி நபரின் சோதனையில் வயதைக் கழிக்க வேண்டாம் என்றது. நான் நியோஷ் பக்கம். சராசரி என்பது கூட்டத்துக்கு உரியது. ஒருவரின் காதிலிருந்து ஊராரின் சராசரி முதுமையைக் கழித்தால், அவரது உண்மையான இழப்பில் ஒரு பங்கு கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

அப்போ என்ன செய்யணும்

நான் கேட்பவை எதுவும் புரட்சி இல்லை.

ஒன்று, சோதனை விதியில் 3000, 6000 ஹெர்ட்ஸைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் இருக்க ஒரு காரணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு, முதல் சோதனையை ஆள் இரைச்சலுக்குள் போகும் முன்பே எடுக்க வேண்டும். அதன் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ஆலை மாறினாலும் தன் ஆரம்பக் காதை அவர் நிரூபிக்க முடிய வேண்டும்.

மூன்று, எச்சரிக்கைக் கோடும் இழப்பீட்டுக் கோடும் வேறு வேறு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். 10 டெசிபெல் மாற்றம் தெரிந்த உடனே சோதிக்க வேண்டியது இயந்திரத்தை. தேய்ந்த பேரிங், ஆடும் தகடு, மூடியில்லாத மோட்டார் என்று தேட வேண்டும். "இயர் பிளக் போடு" என்பதோடு முடித்தால், ஆலையின் கோளாறைத் தொழிலாளியின் உடம்பில் அளந்துவிட்டுப் பழியையும் அவர் காதிலேயே சொருகுகிறோம்.

நான்கு, இரைச்சலால் வந்த மந்தத்துக்கு 60 டெசிபெல் கோடு பொருந்தாது. அந்த நோய் எட்டக்கூடிய உயரத்தில், 3000-உம் 4000-உம் சேர்ந்த சராசரியில், தனிக் கோடு வேண்டும். கூடவே, பேச்சு புரிகிறதா என்ற சோதனையின் விடைக்கும் எடை கொடுக்க வேண்டும்.

ஐந்து, பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவோ, நடமாடும் வண்டி வழியாகவோ சோதனை போக வேண்டும். வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ஊர் இது. ஒரு ஹெட்போனும் போகலாம்.

ஒரு நோய் தன் முழு பலத்தோடு அடித்தாலும் எட்ட முடியாத உயரத்தில் கோட்டைப் போட்டு வைத்துவிட்டு, "யாருமே இந்தக் கோட்டைத் தாண்டல, அப்ப பிரச்சினை இல்லை" என்று அறிக்கை எழுதுவது ரொம்ப சுலபம். 140 வருஷத்துக்கு முன்னால் கையில் ஒரு கடிகாரம் மட்டும் வைத்திருந்த மருத்துவருக்கு, "கூட்டத்தில் பேசுறது கேக்குதா?" என்று கேட்கத் தோன்றியது. இன்றைக்கு நம் ஊர்ச் சோதனைப் படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க எந்தச் செலவும் ஆகாது. தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், ஆலை மருத்துவர்கள், காது மருத்துவம் படிக்கும் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் கையில் இருக்கும் படிவத்தை எடுத்து 3000-உம் 6000-உம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.